ஃபிளாப்பிக்கு வைத்த பொட்டு

“செருப்பை வெளியே விட்டீங்களா?” என்றார் ராசப்பன்.

“விட்டுட்டேனுங்க.”

“கையைத் துடைச்சீங்களா?”

“துடைச்சுட்டேனுங்க. எங்க மிசினு...”

“புத்தகத்தைப் படிச்சீங்களா?”

மூன்றாவது கேள்வியில்தான் இந்த இனத்தை அடையாளம் காண வேண்டும். முதல் இரண்டையும் எந்தப் பூசாரியும் கேட்பார். சந்தேகம் கேட்க வந்தவரைக் கேள்வி கேட்டே திருப்பி அனுப்புகிற இனம் இது. ரேடியோ வந்தபோது ரேடியோவைச் சுற்றி முளைத்து, பம்புசெட் வந்தபோது மோட்டாருக்குப் பக்கத்தில் குந்தி, 1988இல் சேலத்தில் கம்ப்யூட்டர் வந்ததும் அதற்கு வெல்வெட் உறை தைத்துப் போட்டது. இந்த இனத்துக்காரர் ஊருக்கு ஆறு மாதம் முந்தி ஒரு பொத்தானை அழுத்தியிருப்பார், அவ்வளவுதான். அந்த ஆறு மாதத்தை ஆறு தலைமுறையாக நினைத்துக்கொள்வார்.

ராசப்பன் நூற்பாலைக் கணக்கர். ஒரே கணக்கு புரோகிராமை வாங்கிய ஆலைக்காரர்களும் கடைக்காரர்களும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள ஒரு வட்டம் வைத்திருந்தார்கள். அதற்கு அவர்தான் செயலாளர். ஞாயிறுதோறும் செவ்வாய்ப்பேட்டையில் நூல் வியாபாரி தங்கசாமியின் மாடியறையில் கூடுவார்கள். சுவரில் ‘புதியவர்களே, வருக’ என்று ஒரு பலகை. அதையும் மீறி ஒருவரும் வரவில்லை.

“ரெண்டு வருசமா அதே ஏழு தலையைத்தான் பாக்கறேன். இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள புதுசா ஒரு ஆள் சேரலீன்னா, அறையில நூல் மூட்டையை ஏத்திருவேன்” என்று தங்கசாமி சொல்லிவிட்டார். சொன்னதோடு விடாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை மூலையில் வந்து உட்கார்ந்தும் கொண்டார்.

அப்போதுதான் ராசிபுரம் பஸ்ஸில் வந்து இறங்கியது அதிர்ஷ்டம். பெயர் கந்தம்மாள். ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர். ராசப்பனுக்கு நெஞ்சு குதித்தது. ‘வாங்க, உக்காருங்க’ என்று சொல்வதற்குக் காலையில் கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். வாயைத் திறந்தால் செருப்புதான் வந்தது.

கந்தம்மாள் பையிலிருந்து கணக்கு புரோகிராம் இருக்கும் ஃபிளாப்பியை எடுத்து நீட்டினார். “ஆயுத பூசை வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க. அதுக்கப்பறம் தொறக்கவே மாட்டேங்குதுங்க.”

உள்ளே இருக்கும் வட்டத் தகட்டை மிசின் தொட்டுப் படிப்பதற்காக ஃபிளாப்பியில் ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். அந்தத் திறப்பின் மேலேயே வட்டமாகச் சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம். பக்தியில் ஒரு குறையும் இல்லை.

ஏழு பேரும் பார்த்தார்கள். பிறகு விட்டத்தைப் பார்த்தார்கள். ஏன் தெரியுமா? முதல் ஆயுத பூசையில் ஃபிளாப்பிக்குப் பொட்டு வைக்காதவர் அந்த அறையில் ஒருவர்கூட இல்லை. ராசப்பன் குண்டூசியால் பூவும் குத்தியிருந்தார். ‘நகல் இருந்தா அதைப் போடுங்க, அதுக்குப் பொட்டு வெக்காதீங்க’ என்ற பதில் அவருடைய நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே!

“புரோகிராம் எந்தப் பதிப்பு?” என்றார்.

“மெமரி எவ்வளவு?” என்றார் இன்னொருவர்.

“இதையெல்லாம் போன மாசி மாசக் கூட்டத்துலயே பேசியாச்சுங்களே” என்றார் மூன்றாமவர் நாச்சிமுத்து. பேசவில்லை.

“மாசி மாசம் நான் இங்க இல்லீங்களே, சாமி.”

“அது உங்க தப்புங்க.”

தங்கசாமி கடிகாரத்தைப் பார்த்து இருமினார். பதறிப்போன ராசப்பன் தம்மிடமிருந்த கருணை முழுவதையும் திரட்டி, செங்கல் தடிமனில் இருந்த புரோகிராம் விளக்கப் புத்தகத்தைத் தூக்கிக் கந்தம்மாள் மடியில் வைத்தார். “முதல் பாகத்தைப் படிச்சுட்டு அடுத்த வாரம் வாங்க.”

“இது இங்கிலீசுல இருக்குதுங்களே.”

“ரெண்டாம் பாகமும் அப்படித்தானுங்க.”

கந்தம்மாள் புத்தகத்தைப் பெஞ்சில் இறக்கி வைத்தார். “ஏனுங்க, உங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியுது. தெரிஞ்சவங்களுக்கு எதுக்குங்க சங்கம்?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார். தங்கசாமி சிரித்த சிரிப்பில் நாற்காலி கிரீச்சிட்டது.

ராசப்பன் ஓடினார். இந்த முறை சொல்லியே தீருவது. அறை போகிறது, வட்டம் போகிறது, மானம் கிடக்கட்டும். படிக்கட்டின் கைப்பிடியில் குனிந்து, மூச்சை இழுத்துக் கத்தினார்:

“அம்மா! கீழ்க்கதவைச் சாத்திட்டுப் போங்க, தூசி வரும்!”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் சந்தனம் என்று படித்தபோதே, ‘இதுகூடவா தெரியாது?’ என்று ஒரு சிரிப்பு சிரித்தீர்களே, அது யாருடையது என்று ஒருமுறை யோசியுங்கள். கண்ணாடி பார்க்கும்போது செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. நூல் மூட்டைகள் மாடி ஏறின. ராசப்பன் பலகையைக் கழற்றி ரிக்‌ஷாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். புதியவர்களுக்கு ஆர்வம் போதாது என்று ரிக்‌ஷாக்காரரிடம் சொன்னார். ராசிபுரத்தில் கந்தம்மாள் பீரோவிலிருந்த, பொட்டு வைக்காத நகல் ஃபிளாப்பியைப் போட்டுப் பார்த்தார். ஓடியது. மத்தியானம் பக்கத்து ஆலைக் கணக்கர் செல்லியம்மாள் வந்து, தன்னுடையதும் திறக்கவில்லை என்றார்.

“பொட்டு வெச்சீங்களா?” என்றார் கந்தம்மாள். “நானும் வெச்சேனுங்க. உக்காருங்க.”

செல்லியம்மாள் உட்கார்ந்தார்.