கதவு அண்ணன் உள்ளே வரக்கூடாது

கதவு அண்ணன் வெளியே நிற்கும்வரை, ஜொகூரில் எந்தத் திரையிலும் எந்த ஒற்றனும் சாக முடியாது. இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு முறை அவர் கதவைத் திறந்துவிட்டார். அப்போது நான் உள்ளே இருந்தேன்.

யோசனை முதலில் உதித்தது தே தாரிக் ஆற்றித் தரும் ஒரு தேநீர்க் கடையில். ‘ஆந்தைப் படை’ படத்தின் ஐந்தாம் பாகச் சுவரொட்டி அன்று காலைதான் வந்திருந்தது. நாலு பாகமாகக் கண் இமைக்காமல் எதிரிகளை முறைத்துக்கொண்டிருந்த எங்கள் கதாநாயகன், ‘ஆந்தை’ என்ற ஒற்றன், இந்தச் சுவரொட்டியில் கண்ணை மூடியிருந்தார். அவ்வளவுதான். ‘ஜொகூர் ஆந்தைகள்’ வாட்ஸ்அப் குழுவில் ஒப்பாரி ஆரம்பித்துவிட்டது. “இந்தப் பாகத்தோட ஆள முடிச்சிருவாங்களாம்” என்று யாரோ போட, என் நண்பன் ஜஸ்டின், “நான் கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்திட்டேன், நீங்களும் ஏதாச்சும் செய்யுங்க லா” என்று குரல் செய்தி அனுப்பினான்.

நான் ஆறுதலுக்காக, நாலாம் பாகத்தின் முதல் காட்சி முடிந்ததும் எடுத்த என் பழைய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசிகர்கள் வெளியே வருகிறார்கள், கத்துகிறார்கள், “தெறி!” என்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், நடைபாதையின் கோடியில், ஒரு மனிதர் மூடிய கதவில் காதை ஒட்டிக் கண்களை மூடி நிற்கிறார். படம்தான் முடிந்துவிட்டதே? உள்ளே யாருமே இல்லையே? எதைக் கேட்கிறார்?

அந்த நொடியில்தான் யோசனை வந்தது. இந்த மனிதரை அரங்குக்குள் உட்கார வைத்து, படம் பார்க்கும் அவர் முகத்தை வீடியோ எடுத்தால்?

அவர்தான் கதவு அண்ணன். ஜொகூரின் தெப்ராவ் பக்கத்து ரசிகர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பெயர்தான் யாருக்கும் தெரியாது. உலு திராமில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எந்தத் தமிழ்ப் படம் வந்தாலும் முதல் நாள் முதல் காட்சிக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து, டிக்கெட் வாங்கி, அதைக் கிழிக்கக் கொடுத்து, அரங்கு வாசல் வரை வருவார். அங்கேயே நின்றுவிடுவார். டிக்கெட் கிழிக்கும் மலாய் அக்கா ஆரம்பத்தில் பாதுகாவலரைக் கூப்பிட்டாராம். பிறகு ஒரு நாற்காலி போட்டார். அதில் அவர் உட்கார்ந்ததில்லை. தன் கைப்பையை வைப்பார்.

நாலாம் பாகத்தின்போது நான் ஒரு தவறு செய்தேன். பெரிய குவளை ஐஸ் மைலோவைக் குடித்துவிட்டுப் படத்துக்குப் போனேன். முக்கியமான கட்டத்தில் கழிவறைக்கு ஓடித் திரும்பும்போது, நடைபாதையில் ஆள் அரவம் இல்லை. சிவப்பு விளக்கின் கீழே அவர் மட்டும். கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“அவசரப்படாத தங்கச்சி. ஆந்தை இன்னும் சுரங்கத்துக்குள்ளதான் இருக்காரு. வில்லன் இப்பதான் சிரிச்சான்.”

“எப்படிண்ணே தெரியும்?”

“வில்லன் சிரிச்சா நம்ம ஆளுங்களுக்கு இருமல் வரும். பயம்னு காட்டிக்க மாட்டாங்க, இருமுவாங்க. இப்ப பாரு, பின் வரிசை விசிலடிக்கும். முன் வரிசை அடிக்காது. அப்படின்னா சண்டை இல்ல, வசனம்.”

உள்ளே பின் வரிசை விசிலடித்தது. முன் வரிசை அடிக்கவில்லை. நான் கதவைத் திறந்தபோது ஆந்தை சுரங்கத்துக்குள் நின்று வசனம் பேசிக்கொண்டிருந்தார். மிச்சப் படத்தை நான் திரையைப் பார்க்காமல் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே பார்த்தேன்.

ஆகவே, யோசனை வந்த மறுநாளே ஜஸ்டினைக் கூட்டிக்கொண்டு உலு திராமுக்குப் போனேன். கண் பரிசோதிக்க வந்ததாகச் சொன்னேன். இருட்டறையில் எதிர்ச்சுவரில் எழுத்துகள் ஒளிர்ந்தன. அவர் அதையும் பார்க்கவில்லை, என் கண்ணையும் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றார்.

“கடைசி வரி தெரியுதா?”

“தெரியுதுண்ணே.”

“தெரியல.”

“எப்படிச் சொல்றீங்க?”

“தெரியாதத தெரியும்னு சொன்னா மூச்சு மாறும். சரி, எதுக்கு வந்த? கண்ணுக்கு இல்ல.”

ஜஸ்டின் கதவைப் பார்த்தான். ஓடிவிடலாமா என்று யோசிக்கிறான் என்பது எனக்கே கேட்டது. நான் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் விளக்கைப் போட்டார். முகம் வெளுத்திருந்தது.

“நான் உள்ள வந்தா அவரு செத்துருவாரு தங்கச்சி.”

பிறகு சொன்னார். முதல் பாகத்துக்கு உள்ளே போனார். ஆந்தையின் உயிர் நண்பன் செத்தான். இரண்டாம் பாகத்துக்குப் போனார். ஆந்தையின் காதலி செத்தாள். மூன்றாம் பாகத்துக்குப் பயந்து பயந்து இடைவேளைக்குப் பிறகுதான் போனார்.

“ஆந்தையோட நாய்!” என்றான் ஜஸ்டின், நெஞ்சில் கை வைத்து.

“நாய்தான் தம்பி. நான் போய் உக்காந்தேன், அது செத்துச்சு. அதுக்கப்புறம் எந்தப் படத்துக்கும் உள்ள போறதில்ல. நாலாம் பாகத்துக்கும் வெளியதான் நின்னேன். யாருக்காச்சும் ஒரு கீறல் விழுந்துச்சா? படம் முடிஞ்சும் நின்னேன், எல்லாம் சரியா அடங்குச்சான்னு. இப்ப மிச்சம் இருக்கறது அவரு ஒருத்தருதான்.”

“அண்ணே, கதைய எழுதுனவரு சென்னையில உக்காந்து எழுதி முடிச்சு எவ்ளோ நாளாச்சு. படத்த எடுத்து, வெட்டி, ஒட்டி அனுப்பிட்டாங்க. நீங்க உலு திராம்லேர்ந்து என்னா பண்ண முடியும்?” என்றான் ஜஸ்டின்.

“எழுதுனாங்க, சரி. எடுத்தாங்க, சரி. ஆனா இங்க நாலு பேரு உக்காந்து பாக்கறப்பதான தம்பி அது நடக்குது?”

கடைக்கு வெளியே வந்ததும் ஜஸ்டின், “லூசு” என்றான். கொஞ்ச தூரம் நடந்து, “ஆனா அவர உள்ள கூப்பிடாத. எதுக்கு வம்பு?” என்றான்.

வெளியீட்டு நாள். காலைக் காட்சி. வெளியே வெயில் கொளுத்தியது, மேல்மாடி நடைபாதையில் மட்டும் எப்போதும்போல இருட்டும் குளிரும். அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்துவிட்டார். உள்ளே போன ஒவ்வொருவரும் அவரை எட்டிப் பார்த்துவிட்டே போனார்கள். ஜஸ்டின் குழுவில் எல்லாவற்றையும் உளறியிருந்தான்.

“அண்ணே, இங்கயே இருப்பீங்கதானே?” என்று ஒரு தடியர் கேட்டார். ஆந்தை முகமூடி போட்டிருந்தார். குரல் மட்டும் குழந்தையுடையதுபோல இருந்தது.

“எங்கயும் போக மாட்டேன்.”

நானும் ஜஸ்டினும் கதவுக்குப் பக்கத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அண்ணன் முகம் கிடைக்காவிட்டால் ரசிகர்களின் முகமாவது கிடைக்கட்டும் என்று கைப்பேசியைத் தயாராக வைத்திருந்தேன். முதல் பாதி முழுக்க விசில், கைத்தட்டல், சோளப்பொரி மழை. வில்லன் சிரித்தபோது எல்லோரும் இருமினோம். இருமிவிட்டுத்தான் எனக்கே உறைத்தது. ஒரே நேரத்தில் எல்லோரும் கதவைத் திரும்பிப் பார்த்தோம்.

இறுதிக் கட்டம். பாலம். மழை. ஆந்தையின் முதுகில் குண்டு பாய்ந்தது.

அரங்கு அடங்கியது. அழுகை இல்லை, இருமல் இல்லை, நாற்காலி கிறீச்சிடவில்லை. அப்படியொரு அமைதியை நான் எங்கும் கேட்டதில்லை. ஆந்தை நின்றார். தள்ளாடினார். விழவில்லை. நாங்கள் மூச்சைப் பிடித்திருந்தோம்.

இப்போது யோசித்தால் புரிகிறது. விசில் அவருக்குத் தெரியும், இருமல் தெரியும். இந்த அமைதி மட்டும் அவருக்குத் தெரியாது. கதவுக்கு இந்தப் பக்கம் மனிதர்களே இல்லை என்று நினைத்திருப்பார்.

கதவு திறந்தது.

நடைபாதை வெளிச்சம் ஒரு கோடாக எங்கள் தலைக்கு மேலே போய்த் திரையில் விழுந்தது. ஆந்தை முழங்காலில் சரிந்தார். குப்புற விழுந்தார். கண்கள் மூடின. சுவரொட்டியில் இருந்த அதே முகம்.

முழு அரங்கும் திரும்பியது. வாசலில் வெள்ளைச் சட்டை. முகம் தெரியவில்லை.

“அண்ணே! கதவ சாத்துங்கண்ணே!” முகமூடித் தடியர்தான். பிறகு எல்லோரும். “சாத்துங்க! வெளிய போங்க!” நடு வரிசையிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெரியவர், விவரம் எதுவும் தெரியாமலே எழுந்து, “துத்துப் பிந்து லா, பாங்!” என்று கதவைச் சாத்தச் சொல்லிக் கெஞ்சினார். ஜஸ்டின் திரையைப் பார்த்து ஒரு சிலுவைக் குறி, கதவைப் பார்த்து ஒரு சிலுவைக் குறி போட்டான்.

அண்ணன் அசையவில்லை. திரையில் மழை பெய்துகொண்டே இருந்தது. ஆந்தை கிடந்துகொண்டே இருந்தார். பிறகு அண்ணன் ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போனார். கதவு மெதுவாக வந்து சட்டத்தில் பொருந்தியது. வெளிச்சக் கோடு மெலிந்து அணைந்தது.

ஆந்தை கண்ணைத் திறந்தார்.

அன்றைக்கு எழுந்த சத்தத்தில் கீழ்மாடித் துணிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே ஓடிவந்ததாகக் கேள்வி. தடியர் முகமூடியைக் கழற்றி எறிந்து அழுதார். மலாய்ப் பெரியவரும் ஜஸ்டினும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். என் கைப்பேசி என் காலடியில் கிடந்தது. எதையும் வீடியோ எடுக்கவில்லை. இரண்டு கையும் கும்பிட்டபடி இருந்திருக்கின்றன.

நான் வெளியே ஓடினேன்.

அண்ணன் நாற்காலிக்குப் பக்கத்தில், தரை விரிப்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளாலும் காதை இறுக்கிப் பொத்தியிருந்தார். டிக்கெட் அக்கா ஒரு தண்ணீர்ப் போத்தலை நீட்டியபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நான் அண்ணனின் தோளைத் தொட்டேன். கைகளை லேசாக விலக்கினார்.

“கொன்னுட்டேன்ல?”

“இல்லண்ணே. உயிரோட இருக்காரு.”

“எனக்காகப் பொய் சொல்லாத தங்கச்சி.”

“என் மூச்சக் கேளுங்க.”

அவர் கண்களை மூடினார். நான் ஓடிவந்த இளைப்பை அடக்கிக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டேன். நடைபாதையில் குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் மாறியது.

“ஆமா,” என்றார். “இருக்காரு.”

அந்த வாரக் கடைசியில் நானும் ஜஸ்டினும் படத்தை இன்னொரு முறை பார்த்தோம், சிங்கப்பூரில். பாலம் வந்தது. ஆந்தை விழுந்தார். கண்ணை மூடினார். உடனே திறந்துவிட்டார். ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை. கத்த நேரமில்லை, ஒரு மனிதர் பின்னால் நடந்துபோய்க் கதவைச் சாத்த நிச்சயமாக நேரமில்லை.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எல்லைப் பாலம் தாண்டி ஜொகூர் வந்துசேர்ந்தோம். வீட்டு வாசலில் ஜஸ்டின், “அலமாக்” என்று மலாயில் ‘ஐயோ’ போட்டான்.

ஆறாம் பாகம் அறிவித்துவிட்டார்கள். ஆந்தைக்கு மறுபடி ஆபத்தாம். இந்த முறை நான் உள்ளே போகப்போவதில்லை. டிக்கெட் அக்காவிடம் இன்னொரு நாற்காலி கேட்டிருக்கிறேன். ஜஸ்டின் உள்ளிருந்து கதவைப் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒரு முழுப் படத்தையும் ரசிகர்களின் இருமலிலிருந்தும் விசிலிலிருந்தும் கேட்க முடிகிறதா என்று பார்க்கப்போகிறேன். ஆனால் கதை எப்படி என்று அன்றைக்கு என்னிடம் கேட்காதீர்கள். உள்ளே அமைதி விழும் நேரத்தில், என் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நிற்பவரின் மூச்சு மாறாமல் இருக்கிறதா என்பதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.