அந்தரங்கம் போதவில்லை

“இதுல ஒண்ணுமே இல்லையே, தம்பி” என்றார் சோதனை அதிகாரி. குரலில் கோபம் இல்லை. வெறும் சட்டியைக் கரண்டியால் வழித்துப் பார்த்தவரின் வருத்தம்தான் இருந்தது.

எதிரே நின்றவனுக்கு வீட்டில் வைத்த பேர் அவசரம். பள்ளிக்கூடத்தை முடிக்கப் பொறுமை இல்லாமல் பாதியிலேயே எழுந்து வந்தவன். எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்கம் மாமாவின் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தால் அங்கே வேலை. இல்லாவிட்டால் அந்தக் கடை ஸ்டூலில் உட்கார அத்தையின் தம்பி மகன் தயாராக நிற்கிறான். அவனைச் சுமந்து வந்த பஸ் வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

போன் காலியானதற்குக் காரணம் அரை வக்கீல். சட்டக் கல்லூரியில் ஒரு வருஷம் பெஞ்சு தேய்த்த சிநேகிதன். எல்லையில் போனைப் பிடுங்கிப் படிப்பார்கள், அது தனிமனித அந்தரங்கத்தின் மீதான தாக்குதல், ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிடு என்று சொன்னவன் அவன்தான். தெருவில் அப்போது அந்தரங்கம் ஒரு மோஸ்தராகப் பரவியிருந்தது. எல்லோரும் போனின் முன்பக்கக் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டார்கள். ஒட்டிய அழகைக் கண்ணாடியில் படம் எடுத்து ஊருக்கே அனுப்பினார்கள்.

அவசரம் ஒரு படி மேலே போய் வீர வசனமும் தயார் செய்திருந்தான். பஸ்ஸில் வழிநெடுக முணுமுணுத்துப் பழகினான். கவுன்டரில் அதிகாரி “போன்” என்றார், அவ்வளவுதான். கை தானாகப் போனை நீட்டியது. வாய் சும்மா இருந்திருக்கலாம். கேட்காமலேயே பாஸ்வேர்டையும் சொன்னது: “ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் வரிசையா, சார்.”

விவகாரம் கண்ணாடி அறைக்குள் இருந்த மேலதிகாரியிடம் போனது. அவர் விதியை எடுத்துச் சொன்னார். பயணியின் அந்தரங்கம் முறைப்படி ஆய்வு செய்யப்பட்ட பின்னரே அவர் அனுமதிக்கப்படுவார். மேற்படி பயணியிடம் அந்தரங்கம் இல்லை. இல்லாததை ஆய்வு செய்ய முடியாது. ஆய்வு செய்யாமல் அனுப்ப முடியாது. மேலும், மறைக்க எதுவும் இல்லாதவன் எதையோ மறைக்கிறான். எனவே போதுமான அந்தரங்கத்தைத் திரட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் வரவும்.

போதுமான என்றால் எவ்வளவு என்று கேட்டான் அவசரம்.

கவுன்டர் அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “நாலு போட்டோ, ஒரு காதல், ஒரு குடும்பச் சண்டை. காதல் இல்லைன்னா பரவால்ல. சண்டை கட்டாயம்.”

வரிசையில் நின்றவர்கள் நல்லவர்கள். ஒரு லாரி டிரைவர் தன் போட்டோக்களைக் கொடுத்தார், அத்தனையும் டயர். ஒரு அம்மா பூப்படம் போட்ட காலை வணக்கங்களை மூட்டையாக அனுப்பிவைத்தார். அவசரம் சுவரோரம் நின்று செல்ஃபி எடுத்தான். இங்கே படம் எடுப்பது குற்றம் என்று காவலர் வந்து அதை அழிக்க வைத்தார். கடைசியில் அதிகாரி எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இதெல்லாம் அடுத்தவங்க அந்தரங்கம். உன்னோடது எங்க?”

பஸ் டிரைவர் ஹார்ன் அடித்தார். வேறு வழி இல்லை. அக்காவுக்குப் போன் போட்டான்.

படிப்பை விட்ட சண்டையில் அப்பா அவனிடம் பேச்சை நிறுத்தியிருந்தார். அவனும் ரோஷமாக, ‘இனி என்னை யாரும் தேட வேண்டாம்’ என்று எழுதிவிட்டுக் குடும்ப க்ரூப்பை விட்டு வெளியேறியிருந்தான். யாரும் தேடவில்லை. அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு மரியாதை. இப்போது தன்னை மறுபடி சேர்க்கச் சொன்னதும் அக்கா கேட்டாள்: “நீ எப்படா வெளிய போனே?”

சேர்த்தாள். சண்டை அவசரமாக வேண்டும் என்று எழுதினாள். குடும்பம் கைவிடவில்லை. ‘இவனை யார் சேர்த்தது?’ என்று அப்பா தொடங்கிவைத்தார். சித்தப்பா அப்பாவைச் சாட, அத்தை சித்தப்பாவைச் சாட, சண்டை பொங்கி வழிந்தது. அந்தச் சூட்டில் அவசரமும் எழுதினான். முதல் தடவையாக நீளமாக. பெஞ்சில் உட்கார்ந்தால் தனக்கு எதுவும் ஏறவில்லை, ஒரு சாமானைப் பிரித்துப் போட்டால்தான் மூளை ஓடுகிறது, போகிற இடத்திலும் உருப்படாமல் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அப்பா திட்டினாலாவது தேவலை. அதற்குக் கீழே பெரியம்மா, நல்ல கொசு பேட் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். அதற்குப் பலர் பதில் சொன்னார்கள்.

அதிகாரி போனை வாங்கினார். படித்தார். மேலே தள்ளி மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘அந்தரங்கம் போதுமானது’ என்று முத்திரை விழுந்தது. சண்டை இன்னும் முடியாததால், தொடர் கண்காணிப்பின் பொருட்டு அதிகாரியும் க்ரூப்பில் சேர்க்கப்பட வேண்டும் என்றது இன்னொரு விதி. அக்கா அவனை அட்மின் ஆக்கினாள். அவன் சேர்த்தான். நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் ஓடிப்போய் ஏறினான்.

வேலை கிடைத்தது. தினமும் காலையில் க்ரூப்பில் அதிகாரியின் வணக்கம் வரும், வரிசையில் நின்ற அந்த அம்மாவின் அதே பூவோடு. தகவல் கேட்டு அரை வக்கீல் போனில் கொதித்தான். உரிமை, மீறல், வழக்கு என்றெல்லாம் அடுக்கினான். மூச்சு வாங்கிய பிறகு மெதுவாகக் கேட்டான்: “டேய், அவரை எங்க க்ரூப்லயும் சேர்க்க முடியுமா? நான் போடுறத ஒருத்தரும் படிக்கிறதில்லடா.”

முதல் ஃபிரிட்ஜை ஓட வைத்த அன்று அவசரம் அதைக் க்ரூப்பில் எழுதினான். குடும்பம் வேறு ஏதோ கல்யாண மண்டபம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அதிகாரி மட்டும் கேட்டிருந்தார்: ‘கை வைக்கிறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கினியா தம்பி?’

அதைப் பார்த்து அப்பா விழித்துக்கொண்டார். இத்தனை நாளில் மகனுக்கென்று நேராக அவர் எழுதிய முதல் வரி அது: ‘நம்ம வீட்டு விஷயத்தை வெளியாள் படிக்கிறான். நீ சேர்த்த ஆளை நீயே தூக்கு.’

அவசரம் க்ரூப்பின் உறுப்பினர் பட்டியலைத் திறந்தான். அதிகாரியின் பேர்மேல் விரலை வைத்தான். பொறுமையே இல்லாத அந்த விரல் அங்கேயே நின்றது.

பிறகு பட்டியலை மூடிவிட்டு, ‘பிடுங்கினேன் சார்’ என்று எழுதினான்.