ஐந்தாம் கல்யாணத்துச் சாம்பார்

“இவரு யாரு?” என்று அப்பா கேட்டபோது அபிராமிக்குப் பாதிச் சடைதான் பின்னி முடிந்திருந்தது. இன்னும் மூன்று மணி நேரத்தில் அவளுக்குக் கல்யாணம்.

கொல்லைக் கதவருகே நின்றவர் சாய்ராம். டெல்லி கோல் மார்க்கெட் பக்கம் மெஸ் நடத்துகிறவர். ஐந்நூறு பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சமைப்பார். அவரை ரகசியமாக வரச் சொன்னவள் அபிராமி. ரகசியமாக வருகிறவர் ஆள் உயரக் கரண்டியைத் தோளில் சாத்திக்கொண்டு வருவார் என்று அவள் நினைக்கவில்லை.

அப்பா தட்சிணாமூர்த்தி அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைத் தோட்டக்காரர். இந்தக் குவார்ட்டர்ஸ் கிடைத்த நாளிலிருந்து குடும்பத்துக் கல்யாணமெல்லாம் இதன் கொல்லையில்தான். மண்டபம் கிடையாது, கூலி ஆள் கிடையாது. மாமா பந்தல் போடுவார். அத்தை மாலை கட்டுவாள். அக்கம்பக்கத்துக் கட்டில் நாலைச் சேர்த்துப் போட்டால் மேடை. நாதஸ்வரம் போனிலிருந்து வரும். நடுநடுவே பெயிண்ட் விளம்பரமும் வரும். “நம்ம வீட்டுக் கல்யாணத்துல வெளி ஆள் கை படக் கூடாது” என்பது அப்பாவின் உத்தரவு.

சாம்பார், முத்துச் சித்தப்பா பொறுப்பு. முதல் கல்யாணத்தில் உப்புக் கரித்தது. இரண்டாவதில் அடிப்பிடித்தது. மூன்றாவதில் புளிப்பில் பல் கூசியது. நாலாவது, அபிராமியின் அக்கா மாதுரியின் கல்யாணம். அதில் பருப்பே போடவில்லை. மாதுரியை அவள் மாமியார் இன்றைக்கும் ‘பருப்பில்லாத வீட்டுப் பொண்ணு’ என்றுதான் கூப்பிடுகிறாள். இத்தனைக்குப் பிறகும் ஐந்தாம் முறையாகச் சித்தப்பா கையில் கரண்டி. ஆண்கள் கூடி ஒரு பழக்கத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கான பேச்சை ஆயுசுக்கும் கேட்டுக்கொள்வது கல்யாணப் பெண்.

அபிராமிக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் வேண்டாம். கல்லூரிப் பட்டம்தான் இருக்கிறதே, பி.காம். அந்த வம்சத்திலேயே முதல் பட்டம். அதை பிரேம் போட்டு வாசல் அறையில் மாட்டியிருந்தார்கள். அவள் பேச்சுக்கு மட்டும் அந்தச் சுவரில் ஆணி இல்லை.

“மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம்ப்பா,” என்றாள். நம் வீட்டுச் சொந்தம் என்றால் அப்பா மூன்று தலைமுறையைத் தோண்டுவார். “சமையல்னா இவருக்கு உசுரு. சாம்பாரை அவரே வெக்கறேங்கறாரு.”

அடுப்படியில் நின்ற சித்தப்பா உடனே தன் கரண்டியை சாய்ராமிடம் நீட்டினார். கிழவருக்குக் குத்தலைப் பார் என்று அபிராமி நினைத்தாள். அதற்குள் அப்பா குறுக்கே பாய்ந்தார்.

“டேய் முத்து, சம்பந்தி கையில கரண்டியைக் குடுக்கற? அறிவு இருக்குதா?” இரண்டு கரண்டிகளையும் பிடுங்கி, ஒன்றைத் தம்பி கையிலேயே திணித்தார். “நீங்க வாங்க சம்பந்தி. மாதுரி, சந்தனம் எடுத்தாம்மா.”

ஐந்தே நிமிடத்தில் சாய்ராம் முன்வரிசை நாற்காலியில் இருந்தார். கழுத்தில் சாமந்தி மாலை, கையில் காபி.

“நான் எப்பம்மா தாளிக்கறது?” என்று அபிராமியிடம் முணுமுணுத்தார்.

அவள் குளியலறைக்குள் புகுந்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

“அக்ஷய், எங்கப்பாவுக்குப் போன் பண்ணி, சாம்பாருக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்தான் உப்புப் போட்டுக் கிண்டணும், அது உங்க வீட்டு வழக்கம்னு சொல்லு. ஜல்தி.”

“அச்சா. அப்படி ஒரு வழக்கம் இருக்கா எங்களுக்கு?”

“இப்ப இருக்கு.”

அக்ஷய் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், ஊர் வழக்கம் எதுவும் தெரியாது. ஆனாலும் சொன்னதைச் சொன்னபடியே அப்பாவிடம் ஒப்பித்தான். யோசித்தது அப்பாதான். “ஒரு பெரியவரை மட்டும் கூப்பிட்டா மத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?”

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது அவர் தாம்பாளம் நிறையக் கல் உப்போடு வாசலில் நின்றார். “வாங்க, வாங்க. வழக்கப்படி நடக்கட்டும்.” யாருடைய வழக்கம் என்று அவர் சொல்லவில்லை. பெண் வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று அவர்களும் கேட்கவில்லை. பெரியவர்கள் ஒன்பது பேர் வரிசையாகக் கொல்லைக்குப் போய் அண்டாவில் ஆளுக்கு ஒரு கை உப்புப் போட்டார்கள். அக்ஷயின் அம்மா சந்திரம்மாள், மாப்பிள்ளையின் தாய் என்ற தோரணையில் இரண்டு கை போட்டாள். போட்டுவிட்டு, பெண் வீட்டுப் பெரியவர் என்று நினைத்து சாய்ராமைக் கும்பிட்டும் வைத்தாள்.

சித்தப்பா அண்டா மூடியைப் பிடித்துக்கொண்டு உற்சாகமாக நின்றார். “நெறஞ்ச கையா போடுங்கம்மா. அந்தப் பெரியவரு இன்னும் போடலையே, அவரைக் கூப்பிடுங்க.”

பத்தாவது ஆளாக சாய்ராம் வந்தார். ஒரு துளியைப் புறங்கையில் விட்டு நக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“இதுல மீன் வளக்கலாம்மா.”

அப்பாவும் நக்கிப் பார்த்தார். “முத்து, இதைக் கவுத்துட்டு வேற வை. முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது.”

சித்தப்பா முகம் தொங்கிப் போயிற்று. கரண்டியைத் தூக்கிக்கொண்டு அண்டாவை நோக்கி நடந்தார். அபிராமி இதுவரை பொறுத்ததே போதும். பட்டுப்புடவையை வரிந்து பிடித்துக்கொண்டு கட்டில் மேடைமேல் ஏறினாள். நாலு கட்டிலும் நாலு விதமாக முனகின.

“அந்த மாலை போட்டவரு யாருக்கும் சொந்தமில்ல. சமையல்காரரு. நான்தான் வரச் சொன்னேன். அவரே சமைக்கட்டும். சித்தப்பா, கரண்டியைக் கீழ வெச்சுட்டு முன்னால போயி உக்காருங்க. இனிமே இந்த வீட்டுக் கல்யாணம் எதுலயும் நீங்க அடுப்புப் பக்கமே வரக் கூடாது.”

கொல்லை முழுக்கப் பெயிண்ட் விளம்பரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

சித்தப்பா கரண்டியை வைத்தார். யாரையும் பார்க்காமல் போய், சாய்ராம் எழுந்துவந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சாய்ராம் மாலையைக் கழற்றிக் கொய்யா மரத்தில் மாட்டினார்.

“பருப்பு எங்க இருக்குது?”

“வெளி ஆளு,” என்று அப்பா ஈனக்குரலில் சொன்னார்.

“யாரு சமைச்சா என்னங்க சம்பந்தி,” என்றாள் சந்திரம்மாள். “எங்க ஆளுங்க பசி தாங்க மாட்டாங்க.”

தாலி கட்டும்போது அபிராமி ஓரக்கண்ணால் பார்த்தாள். முன்வரிசையில் சித்தப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதுவரை அவளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது சட்டென்று அடங்கிவிட்டது. ஊர் பார்க்க வயதானவரை அவமானப்படுத்திவிட்டாள். படித்த திமிர் என்று நாளைக்குச் சொல்வார்கள். சொன்னாலும் தப்பில்லை.

பந்தியில் சந்திரம்மாள் மூன்று தடவை சாம்பார் கேட்டு வாங்கினாள். அப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டு இரண்டாம் தடவை இலையைக் காட்டினார். அபிராமி மாலையும் கழுத்துமாகச் சித்தப்பா பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

“சித்தப்பா, எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.”

சித்தப்பா, தன் அண்ணன் தூரத்தில் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு சோற்றில் இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குழி பறித்தார்.

“மன்னிப்பா? உப்பைக் கொட்டிப் பாத்தேன், அடிப்பிடிக்க விட்டுப் பாத்தேன், புளியைக் கரைச்சு ஊத்திப் பாத்தேன், கடைசியில பருப்பே போடாம விட்டுப் பாத்தேன். ‘நீ போயி உக்காந்து தாலி கட்டறதைப் பாரு’ன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்ல, இந்த வீட்டுல ஒரு பி.காம் பொறந்து வரவேண்டியிருந்துச்சு.”