சால்மன் உபகுழுவின் கூட்டறிக்கை

ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அது பிடித்த மீனைக் கொண்டு அளப்பவர்கள் விபரம் தெரியாதவர்கள். மீன் பிடிக்கப் போவதற்கு முன் எத்தனை கூட்டம் கூடியது, அந்தக் கூட்டங்களின் அறிக்கை எவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டது, இவைதான் அளவுகோல். இந்த அளவுகோலின்படி, லூயிஷாமில் இயங்கும் ‘எழுச்சி நலன்புரி ஒன்றிய’த்துக்கு நிகரான அமைப்பு தேம்ஸ் நதியின் இரண்டு கரையிலும் கிடையாது. அதன் கௌரவ செயலாளர் தில்லையம்பலத்துக்கு நிகரான மனிதரும் கிடையாது.

இருபத்தாறு வருடமாகக் கூட்டறிக்கை எழுதி வருபவர் அவர். ஒரு சொல்லும் தவறவிடாதவர் என்று பெயர் எடுத்தவர். ஒருமுறை நிர்வாகக் கூட்டத்தின் நடுவே தலைவர் தும்மியதும், பொருளாளர் ‘நூறாயுசு’ என்றதும், தலைவர் அதற்கு நன்றி தெரிவித்ததும்கூடப் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பச்சை மட்டைப் புத்தகங்களை அவர் சாமிப்படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார்.

ஆவணி பிறப்பதற்குச் சில நாள் முன்பு, சாப்பாட்டு மேசையில் அவருடைய மனைவி தவநாயகி ஒரு விஷயம் சொன்னார். தவநாயகிக்கு ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. கணவர் கூட்டங்களுக்குப் போகும் சனிக்கிழமைகளில் அவர் கூட வேலை செய்யும் மொரீனோடு குளத்தங்கரைக்குப் போய்த் தூண்டில் வீசப் பழகியிருந்தார். மீன்பிடி லைசென்ஸும் எடுத்திருந்தார்.

“இஞ்சருங்கோ, வடக்கில மொரீன்ர ஊர் ஆத்துக்குச் சால்மன் ஏறி வருதாம். ஒக்டோபரோட சீசன் முடியுது. கடைசிப் புதன்கிழமைக்கு ரெண்டு பேருக்குப் பெர்மிற் எடுத்துத் தாறன் எண்டு சொல்லுறா. நாங்கள் ரெண்டு பேரும் ஒருநாள் போவமே?”

கலியாணம் கட்டி முப்பத்தொரு வருடத்தில் தவநாயகி இப்படித் தனக்கென்று ஒன்றைக் கேட்டது தில்லையம்பலத்துக்கு நினைவில்லை. அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. நெஞ்சு இளகினால் சிலர் மனைவியின் கையைப் பிடிப்பார்கள். தில்லையம்பலம் உபகுழு அமைப்பார்.

“நாங்கள் ரெண்டு பேர் மட்டும் போறது சரியில்லை, தவம். இதைச் சங்கமாச் செய்வம். நீர் ஒண்டுக்கும் கவலைப்படாதையும்” என்றார்.

தவநாயகி கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

‘பருவகால சால்மன் மீன்பிடிச் சுற்றுலா ஒழுங்கமைப்பு உபகுழு’வின் முதலாவது கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தில்லையம்பலத்தின் முன்னறையில் கூடியது. நால்வர் சமூகமளித்தனர். தலைமை வகித்தவர் சண்முகராசா, மூன்று கடை வைத்திருப்பவர், எந்தக் கூட்டத்திலும் தலைமை தவிர வேறொன்றும் வகித்து அறியாதவர். ‘தொழில்நுட்ப ஆலோசகர்’ கிருஷ்ணமூர்த்தி குரோய்டனிலிருந்து வந்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர், வங்கியொன்றில் உத்தியோகம், மடிக்கணினி இல்லாமல் கதைக்க வராது. நான்காமவர் யேசுரட்ணம், எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லுவதற்காகவே எல்லா உபகுழுக்களிலும் சேர்க்கப்படுபவர்.

தலைவரின் தலைமையுரை நாற்பது நிமிடம் நடந்தது. நடுவில் தவநாயகி தேத்தண்ணித் தட்டோடு வந்து, பெர்மிற்றில் ஒரு விதி இருக்கிறதென்று ஏதோ சொன்னார். அது நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயம். தவிர, அந்த நேரத்தில் தலைவர் மனிதகுலத்துக்கும் மீனுக்கும் உள்ள உறவு பற்றி முக்கியமான கட்டத்தில் நின்றார். தில்லையம்பலம் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கோப்பையை வாங்கினார்.

இரண்டாவது கூட்டத்தில்தான் பிரச்சினையின் ஆழம் தெரிந்தது. நாள் குறிக்க வேண்டும். பிடித்த சால்மனை ஆற்றங்கரையிலேயே பொரித்து, அதன் தலையில் கூழ் காய்ச்சுவது என்று தலைவர் அறிவித்துவிட்டார். எனவே நால்வருமே மச்சம் சாப்பிடக்கூடிய ஒரு நாள் வேண்டும்.

“நல்லூர்த் திருவிழாக் கொடி இறங்குமட்டும் நான் சைவம்” என்றார் சண்முகராசா. “செவ்வாய், வெள்ளி எப்பவும் இல்லை.”

“ஆமா சார், எனக்கு வியாழக்கிழமையும் கிடையாது. புரட்டாசி முழு மாசமும் நான் முட்டைகூடத் தொட மாட்டேன்” என்றார் கிருஷ்ணமூர்த்தி.

“எங்களுக்குப் புரட்டாசிச் சனி மட்டும்தானே?” என்றார் தில்லையம்பலம்.

“அது உங்க வசதி சார்.”

யேசுரட்ணம் மெல்லத் தொண்டையைச் செருமினார். “எனக்கு எந்த நாளும் சரி. வெள்ளிக்கிழமை எண்டால் இன்னும் நல்லம். எங்களுக்கு அண்டைக்கு மீன்தான்.”

“வெள்ளிக்கிழமை எண்ட சொல்லையே இந்தக் கூட்டத்தில எடுக்காதேங்கோ” என்றார் தலைவர்.

பிடித்த மீனை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து பிறகொரு நாள் தின்றால் என்ன என்றும் கேட்கப்பட்டது. தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. “பிறீசர் மீன் தின்னவோ நாங்கள் முந்நூறு மைல் போறம்?” என்றார். ஓம் என்றார் யேசுரட்ணம்.

கிருஷ்ணமூர்த்தி பஞ்சாங்கத்தைக் கணினிக்குள் ஏற்றி வண்ணம் தீட்டினார். நல்லூர் சிவப்பு, புரட்டாசி மஞ்சள், நவராத்திரி பச்சை, தலைவர் வீட்டம்மாவின் கேதாரகௌரி விரதம் நீலம், கந்தசஷ்டி ஊதா. திரை முழுக்கக் கோயில் கோபுரம் மாதிரி நிறைந்து போனது. அதற்குள் ஒரேயொரு வெள்ளைக் கட்டம் கிடந்தது. ஒக்டோபர் கடைசிப் புதன்கிழமை.

ஆடி ஓடி அவர்கள் வந்து சேர்ந்தது மொரீன் சொன்ன அதே நாளுக்குத்தான். “விஞ்ஞானபூர்வமான முடிவு” என்று தில்லையம்பலம் எழுதினார்.

மூன்றாவது கூட்டம் மீன் பங்கீடு பற்றியது. தலை தலைவருக்கே என்பது ஏகமனதாக நிறைவேறியது. நடுத்துண்டுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. யன்னலுக்கு வெளியே முன்வளவில் தவநாயகி தூண்டிலும் கையுமாக நின்றார். இருபது அடி தள்ளி வைத்த வாளிக்குள் நூல் நுனி போய்ப் போய் விழுந்தது. தில்லையம்பலம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அட, எவ்வளவு அழகாக வீசுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது உண்மை. ஆனால் தலைவருக்கு அது இடைஞ்சலாக இருந்தது. “கவனச் சிதறலைத் தவிர்க்கும் பொருட்டு யன்னல் சீலை இழுத்து மூடப்பட்டது” என்று அறிக்கையில் இருக்கிறது.

நான்காவது கூட்டத்தில் கிருஷ்ணமூர்த்தி ‘இடர் மதிப்பீடு’ சமர்ப்பித்தார். சால்மன் தலைவரை ஆற்றுக்குள் இழுத்துவிடும் சாத்தியம் ‘நடுத்தரம்’ என்று கணிக்கப்பட்டது.

ஐந்தாவது கூட்டம், பயணத்துக்கு மூன்று நாள் முன்பு, துக்கத்தோடு தொடங்கியது. தலைவரின் ஒன்றுவிட்ட பெரியப்பா டொரோன்டோவில் தவறிப்போனார். சாவுத் துடக்கு முப்பத்தொரு நாள், அதுவரை தலைவருக்கு மச்சம் ஆகாது. சுற்றுலா அடுத்த பருவகாலத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. பெரியப்பாவுக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது, சால்மனுக்கு ஒன்றுமில்லை.

“அடுத்த வருசம் கட்டாயம் போவம், தவம்” என்றார் தில்லையம்பலம் அன்று மாலை.

“பெர்மிற் உங்கட தலைவர்ர பேரில இல்லை” என்றார் தவநாயகி. “என்ர பேரிலயும் உங்கட பேரிலயும்தான் இருக்கு. வாறீங்களோ?”

“சங்கம் ஒத்திவச்சதை நான் போய்ச் செய்யேலாது. நான் செயலாளர் அல்லோ?”

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவர் கடைக்குப் போய் வந்தபோது பிறிட்ஜில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. “மொரீனோட போறன். வியாழன் வருவன். சோறு உள்ளுக்க இருக்கு.”

புதன்கிழமை மத்தியானம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் தவநாயகி நிற்கிறார். இரண்டு கையிலும் வெள்ளி போல் ஒரு சால்மன். முகத்தில் தில்லையம்பலம் கலியாணப் படத்தில்கூடப் பார்க்காத ஒரு சிரிப்பு. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் தலைவரின் செய்தி வந்துவிட்டது: “வாழ்த்துகள். தலையைக் கவனமாகப் பிறீசரில் வைக்கவும். துடக்கு முடிய எடுக்கலாம்.”

வியாழக்கிழமை மாலை ஆறாவது கூட்டம் அவசரமாகக் கூடியது. கிருஷ்ணமூர்த்தி வியாழன் விரதத்தோடு ஐஸ் பெட்டி கொண்டுவந்திருந்தார். தவநாயகி சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே வந்து பையை இறக்கினார். நால்வரும் பையைப் பார்த்தார்கள்.

“மீன் எங்க, தங்கச்சி?” என்றார் சண்முகராசா.

“விட்டிட்டன்.”

“எங்க விட்டனீங்கள்? ரயிலிலயோ?”

“ஆத்தில, அண்ணை. பிடிக்கிற சால்மனைத் திரும்ப ஆத்தில விடவேணும், அதுதான் அங்கத்தை விதி. ஆரும் அதைத் தின்னேலாது. எந்தக் கிழமையிலயும்.”

கிருஷ்ணமூர்த்தி மடிக்கணினியை மெல்ல மூடினார்.

“இதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை” என்றார் தலைவர், புண்பட்ட குரலில். “ரெண்டரை மாசம் நாள் பாத்தம்.”

“முதல் கூட்டத்திலயே சொன்னனான். இவர் ஒரு சொல்லும் விடமாட்டாரே. வாசிக்கச் சொல்லுங்கோ.”

தில்லையம்பலம் பச்சைப் புத்தகத்தைத் திறந்தார். தலைமையுரை ஒன்பது பக்கம் இருந்தது. அதன் முடிவில் ஒரேயொரு வரி. யேசுரட்ணம் எட்டிப் பார்த்து வாசித்தார்: “திருமதி தவநாயகி தில்லையம்பலம் தேநீர் வழங்கினார்.”

இரண்டாவது கூட்டத்திலும் அவர் பற்றி அந்த வரிதான் இருந்தது. மூன்றிலும், நான்கிலும், ஐந்திலும் அதேதான்.

“அந்த மற்றப் பெர்மிற்…” என்றார் தில்லையம்பலம்.

“ஆத்தங்கரையில உங்கட இடம் சும்மா கிடந்துது. பையை வச்சனான்.”

அவர் பேனாவைத் திறந்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தவநாயகி சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தலைவருக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தார்.

“எழுதுங்கோ” என்றார். “ஆறாவது கூட்டத்தில் தேநீர் வழங்கப்படவில்லை.”

தில்லையம்பலம் எழுதினார், ஒரு சொல்லும் தவறாமல்.