சூரியனுக்குப் போட்ட பந்தல்

விசேஷம் என்றால் பந்தல் போட்டால்தான் சிலருக்கு மனசு ஆறும். நான் அந்த ரகம். சூரிய சக்திக்கே பந்தல் போட்டவன் நான் என்றால் நம்பமாட்டீர்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. விறகு பாய்லர் விற்றுவந்த எங்கள் செங்கல்பட்டு கம்பெனி, இனி புகையில்லாத தொழிலுக்குத்தான் காலம் என்று சூரிய வெந்நீர்க் கருவிக்கு மாறியிருந்தது. பணம் போட சென்னையிலிருந்து ஒருவர் முன்வந்தார். புகை கக்கும் தொழிலுக்குக் காசு தருவதில்லை என்பது அவர் கொள்கை. எங்கள் முதல் கருவியை மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் வைத்தோம். அவர் அங்கே தங்கி, காலையில் அந்த வெந்நீரில் குளித்துப் பார்ப்பார். பிடித்தால் பத்து மணித் திறப்பு விழாவிலேயே கையெழுத்து. மார்கழிக் குளிர் வேறு.

கருவியைப் பொருத்தியவர் டேவிட். புதுப்பட்டினத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். அவர் குடும்பத்தில் வயல் கூலிக்குப் போகாமல் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். விழாவுக்கு இரண்டு நாள் முன்பே வேலையை முடித்து, தண்ணீர் ஆவி பறக்க வருவதைக் காட்டிவிட்டு ஊருக்குப் போனார்.

விழா ஏற்பாடு என் பொறுப்பு. (இருபத்து நான்கு வயதில் டை கட்டியவனை நம்பி ஒப்படைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.) ரிப்பன் வெட்ட மாடிக்கு வருகிற பெரிய மனுஷர் தலையில் வெயில் படலாமா? முந்தின நாள் விடியற்காலையிலேயே ஆள் பிடித்து, மாடி முழுக்கத் தடித்த துணியில் பந்தல் போட்டேன். ஓரத்தில் மஞ்சள் ஜாலர்கூட உண்டு. பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரும் ஏற்றினேன். கருவி அன்று நாள் முழுக்க நிழலில் சொகுசாக இருந்தது.

காலை ஆறு மணிக்குக் குளியலறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. வெளியே வந்தவருக்குப் பல் தந்தியடித்தது. இரவு அவருடன் வந்து தங்கியிருந்த எங்கள் முதலாளி என்னை முறைக்க, நான் மாடிக்கு ஓடினேன். தலைக்கு மேல் ஜாலர் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. கீழே போய் உண்மையைச் சொல்லவில்லை. அவசர அவசரமாக முடிச்சுகளை அவிழ்த்து, துணியைச் சுருட்டித் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். முதலாளி மேலே வந்தபோது வெறும் கம்பங்கள்தான் நின்றன. தோரணத்துக்கு என்று நினைத்திருப்பார்.

ஏழு மணிக்கு டேவிட் வந்தார். முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இன்னாய்யா வேலை செஞ்சி வெச்சிருக்கே?"

டேவிட் கம்பங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நான் செக் பண்ணிக் குடுக்கும்போது தண்ணி சுட்டுச்சு சார்" என்றார். அவ்வளவுதான். நான் என் டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

சென்னைக்காரர் நாஸ்தாகூடத் தொடாமல் கிளம்பிவிட்டார். கம்பெனி பழையபடி விறகு பாய்லருக்கே திரும்பியது. டேவிட்டுக்கு வேலை போயிற்று.

எங்கள் வீட்டில் இந்தக் கதை ரொம்பப் பிரபலம். கல்யாணமான புதிதில், டேவிட் வருகிற இடத்தை மட்டும் கத்தரித்துவிட்டு மனைவியிடம் சொல்லியிருந்தேன். இன்றும் நான் எதையாவது சொதப்பினால், "அப்பா பந்தல் போட்டுட்டாரு" என்பாள் மகள்.

அந்த விழா நடந்து சில வருடங்கள் கழித்து கல்பாக்கம் பஸ்ஸில் டேவிட்டைப் பார்த்தேன். கிடைத்த இடத்தில் ஒயரிங் வேலை செய்வதாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் சுடாததற்குக் காரணம் நான்தான், பந்தல்தான் என்று ஒருவழியாகத் திக்கித் திணறிச் சொல்லிமுடித்தேன்.

"தெரியும் சார். அந்தப் பந்தல கட்டுனதே என் மச்சான்தான். விழா அன்னிக்கிக் காலைல நான் பஸ் ஏறும்போதே சொல்லிட்டான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, அண்ணே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

இப்போதெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜாலர் வரைக்கும் எல்லோரும் சிரிக்கிறார்கள்.