வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி

இந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். என் மனைவி ஹலினா அடுத்த அறையில் இருந்தாள்.

அன்று மாமியாருக்குப் பெயர்நாள், அவர் பெயருள்ள புனிதரின் திருநாள்; எங்களுக்குப் பிறந்தநாள் மாதிரி. அதே மதியம் டிவியில் பனிச்சறுக்குத் தாண்டல் இறுதிப் போட்டி. எங்கள் ஊர்ப் பையன் தாண்டுகிறான். மாமியார் வீட்டிலும் டிவி உண்டு. அதில் தேவாலயப் பூசையைத் தவிர வேறெதுவும் ஓடிப் பார்த்ததில்லை.

ஆகவே காலையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். செய்தித்தாளோடு நாலு தடவை கழிப்பறைக்கு நடந்தேன்.

"எத்தனை தடவை, ரோமன்?"

"நாலு. தண்ணியா போகுது, ஹலினா."

"குறுக்கெழுத்து முடிஞ்சுதா?"

"பாதிதான்... அதாவது, பாதி உசிரு போயிடுச்சு."

அவள் மேல்தட்டிலிருந்து ஜாடியை இறக்கினாள். காய்ந்த பில்பெரி. எங்கள் பெஸ்கிட் மலையில் டாக்டருக்கு முன்னால் இதுதான் வரும். ஜூலையில் காட்டில் குனிந்து குனிந்து பறிக்கிற கருநீலப் பழம். பச்சையாக அள்ளித் தின்றால் வயிறு இளகும். காயவைத்துத் தின்றால் இறுகும். ஹலினா அதை மான்கறிக் குழம்பில் போடுவாள், தேநீரில் போடுவாள். இன்று என் வாயில் போட வந்தாள்.

"கஷாயமா குடிச்சா போதாதா?"

"நாலு தடவை போனவனுக்குக் கஷாயம் எந்த மூலைக்கு? மெல்லு."

மென்றேன். ஒரு கைப்பிடி. அரை மணி கழித்து இன்னொன்று. புளிப்புப் போட்ட செருப்புத் தோல் மாதிரி இருந்தது.

"நீ கிளம்பு. உங்கம்மா காத்திருப்பாங்க. நான் சமாளிச்சுக்கறேன்."

"உன்னை இந்த நிலைமையில விட்டுட்டுப் போனா நான் மனுஷியா?" என்றவள் போனை எடுத்தாள். "அம்மா, ரோமனுக்கு முடியல. பெயர்நாளை இங்கேயே வச்சுக்கலாம். எல்லாரையும் கூட்டிட்டு வா. வாத்தையும்தான்."

பதினோரு பேர் வந்தார்கள். வறுத்த வாத்து வந்தது. கசகசா கேக் வந்தது. மாமியார் என் சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். நான் படுக்கையில், காய்ந்த ரொட்டியும் காய்ந்த பில்பெரியுமாக. எனக்கு அழுகையே வந்தது. வாத்துக்காகத்தான்.

ஹலினாவின் தம்பி விதெக் எட்டிப் பார்த்தான்.

"மச்சான், நாக்கை நீட்டு."

நீட்டினேன்.

"நீலிக்கண்ணீர் பாத்திருக்கேன். நீல நாக்கை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"டிவியில என்னடா, பூசையா?"

"தாண்டல் போட்டி. அம்மாவே வைக்கச் சொன்னாங்க. உனக்குச் சத்தம் ஆகாதாம், அக்கா கதவைச் சாத்தச் சொன்னா."

சாத்தினான். கொஞ்ச நேரத்தில் வீடே அதிரக் கத்தினார்கள். எங்கள் பையன் ஜெயித்தானா, விழுந்தானா? யாரும் வந்து சொல்லவில்லை.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்வது என்பார்கள். வாயை ஹலினா கட்டினாள். வயிற்றைப் பில்பெரி கட்டியது. திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. வேறெதுவும் போகவில்லை. புதன்கிழமை வெட்கத்தை விட்டுச் சமையலறைக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே இடுப்பளவு பனி.

"ஹலினா, மூணு நாளா ஒண்ணும் நடக்கல."

"மருந்து கேட்டிருக்கு."

"ரொம்பவே கேட்டிருச்சு. இதுக்கு மாத்து எதுவும் இல்லையா?"

"இருக்கே. பச்சை பில்பெரி ரெண்டு கை தின்னா இளகிடும்."

"சீக்கிரம் குடு, தாயே."

"ஜூலையில பறிச்சுத் தர்றேன்."