ரூபாய் விழுந்தால் லட்டு தின்னாதவர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலேயே ரூபாயின் மானத்தைத் தன் சொந்த மானமாக எடுத்துக்கொண்ட ஒரே ஆள் எங்கள் தினார் அண்ணன்தான். ரூபாய் விழுந்த அன்று, அதைக் கவனிக்கவென்றே டெல்லியில் சம்பளம் வாங்குகிறவர்கள்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். இவர் தூங்க மாட்டார். மறுநாள் எங்களையும் வேலை பார்க்க விட மாட்டார்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. கம்பி ஆலையில் அவர் கிரேன் ஆபரேட்டர், நான் டெஸ்பாட்ச் கிளார்க். வாலிபத்தில் குவைத்தில் கிரேன் ஓட்டியவர். மற்றவர்கள் அங்கிருந்து டேப் ரிக்கார்டரும் கம்பளியும் கொண்டு வந்தார்கள். இவர் கோபத்தைக் கொண்டு வந்தார்.

காலை ரயிலில் அத்திப்பட்டில் ஏறுவார். உட்கார இடம் தேடமாட்டார், நின்றபடியே ஆரம்பித்துவிடுவார்.

"ஒரு காலத்துல குவைத்துல நம்ப ரூபாதான்யா ஓடிச்சு! நம்ப நோட்ட வெச்சிக்கினுதான் அவன் மீன் வாங்குனான், கண்ணாலம் பண்ணான். நம்பாளுங்க சும்மா இருந்தானுங்களா? அந்த நோட்டாலயே தங்கம் வாங்கிக் கடத்துனானுங்க. அதத் தடுக்க வளைகுடாவுக்குன்னு வேற கலர்ல நோட்டு அடிச்சாங்க. அப்பால அவனே சொந்தமா தினார் அடிச்சிக்கினான். அன்னிக்கு ஒரு தினாரு பதிமூணு ரூபா சில்லற. இன்னிக்கு முந்நூறுகிட்ட வந்து நிக்குது. கேக்க நாதியில்ல!"

வேறு நாதியில்லாததால் நாங்கள் கேட்டோம். மீஞ்சூரில் அறுபத்தாறாம் வருஷம் ரூபாயின் மதிப்பைக் குறைத்த கதை வரும். பொன்னேரி தாண்டினால், தொண்ணூற்றொன்றில் தேசத்தின் தங்கத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டில் அடகு வைத்த கதை. "எங்க ஊட்டுக்காரி மூக்குத்திய வெச்சதுக்கே நான் சோறு எறங்காம கெடந்தேன். இவனுங்க எப்டிய்யா தின்னானுங்க?" என்று பக்கத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை முறைப்பார். அந்த மனிதர் பாவம், பொட்டலத்தை மடித்து வைத்துவிடுவார்.

ஒருநாள் ரூபாய் பலமாக விழுந்தது. எடைமேடை பார்க்கும் நாயுடுவுக்குத் தம்பி துபாயில். அனுப்புகிற பணம் இங்கே கூடுதலாகக் கிடைக்குமே என்ற குஷியில், தகர டப்பா நிறைய லட்டு கொண்டு வந்து எல்லோருக்கும் நீட்டினார்.

"இன்னா நைனா இது? ரூபா செத்துக் கெடக்குது, நீ லட்டு குடுக்குற? எழவு ஊட்ல எவனாவது லட்டு குடுப்பானா?"

"நீ வோணாம்னா வுடு தினாரு. மத்தவங்க துன்னட்டும்."

தினார் அண்ணன் விடுவிடுவென்று கிரேனில் ஏறினார். பழைய இரும்பைத் தூக்குகிற காந்தத்தை இறக்கினார், மேஜைமேல் இருந்த டப்பாவை லட்டோடு தூக்கிக் கூரைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். மேனேஜர் வந்து கத்தினார். "ரூபா ஏறட்டும் சார், எறக்குறேன்" என்று மேலேயிருந்து பதில் வந்தது. அன்று முழுக்க லட்டு எங்கள் தலைக்கு மேலேயே தொங்கியது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். அவர் சொந்த வீட்டில் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவருடைய ஒரே மகள் குவைத்தில் நர்ஸ். அவள் அனுப்பும் பணத்தில்தான் வீட்டுக்குத் தளம் போட வேண்டும். ஊரில் எல்லோரும் ரூபாய் விழுகிற நாளாகப் பார்த்து அனுப்பச் சொல்வார்கள். இந்த மகானுபாவர் போனில், "ரூபா ஏர்ற அன்னிக்குப் பாத்து அனுப்பு கண்ணு. நம்ப ரூபா அவமானப்படுற நேரத்துல லாபம் பாக்கக் கூடாது" என்று தடை போட்டுவிட்டார். ரூபாய் ஏறவில்லை. ஐப்பசி மழைதான் வந்தது.

அவர் மனைவி எனக்குப் போன் போட்டு வரச் சொன்னார். போனேன். ஓட்டை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வீடெல்லாம் பக்கெட்.

"இவுரு ரூபாயக் காப்பாத்திக்கினு கீறாரு, நான் நனைஞ்சிக்கினு கீறேன். நீயே கேளு தம்பி."

எனக்கு ரத்தம் கொதித்தது. "அண்ணே, இது பச்சை அநியாயம். நீங்க அனுப்ப வேணாம்னா ரூபாய் பயந்து ஏறிடுமா?"

தினார் அண்ணன் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குரலை உயர்த்தாமல் பேசினார்.

"நான் குவைத்து போவச்சொல்ல எம் பொண்ணு தவுந்துக்கினு இருந்துச்சு. வந்தப்ப என்ன 'வாங்க, உக்காருங்க'ன்னுச்சு, விருந்தாளி கணக்கா. இப்போ அது அங்க கீது. வந்துரு கண்ணுன்னா, 'ரேட்டு நல்லாருக்குப்பா, இன்னும் ரெண்டு வருசம்'னுது. ஒவ்வொரு தபா ரூபா விழும்போதும் இதான். பழைய பதிமூணு ரூபாயே இருந்தா அது ஏன்யா அங்க போவுது?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் மனைவி மூடவில்லை. ஒழுகும் மூலையைக் காட்டி, "சரி, நாளைக்கே வந்துட்டான்னு வெய்யி. எங்க படுப்பா? இந்தப் பக்கெட்லயா?" என்றார்.

அண்ணன் அந்த மூலையில் நிரம்பியிருந்த பக்கெட்டை எடுத்து வெளியே கொட்டினார். பிறகு போனை எடுத்தார். அந்த நாளும் ரூபாய் விழுந்த நாள்தான்.

தளம் போட்ட அன்று ஆலையில் எல்லோருக்கும் பிரியாணி. கரண்டியோடு நின்று, "துன்னுங்கடா, துன்னுங்க. ரூபா செத்த காசு" என்று திட்டித் திட்டிப் போட்டார். நாயுடுவுக்கு மட்டும் இரண்டு துண்டு கூடுதல். வீட்டின் பின்பக்கம் புதிதாக ஓர் அறை. நைட் டூட்டி பார்த்த மகள் வந்து தூங்குவதற்கு என்று ஜன்னலுக்குக் கனமான திரை போட்டிருந்தார்.

அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டார். மகள் இன்னும் வரவில்லை. எனக்கு வெளிநாட்டில் ஒருவரும் கிடையாது, தினாரைக் கண்ணால் பார்த்ததும் கிடையாது. இருந்தும் காலையில் ரயில் ஏறியதும் போனில் ரேட்டைத்தான் பார்க்கிறேன். விழுந்திருந்தால் எவன் மேலோ எரிச்சல் எரிச்சலாக வருகிறது. பத்து பைசா ஏறியிருந்தால், அத்திப்பட்டு வருவதற்குள் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.